மூளையும் கணக்கும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றி எல்லோருக்கும் விளங்கும்படி பேசவேண்டும் என்று காரியதரிசியார் கேட்டுக்கொண்டார். மூளை ஆராய்ச்சிக்குக் கணிதமும் புள்ளிவிபரவியலும் செய்யும் உபகாரம் என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டேன். மூளை வைத்தியருடைய காரியம், கணிதம் கணக்கு வாத்தியாருடைய காரியம், இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இவ்விரண்டும் சேர்ந்து கணிப்பு நரம்பியல் என்னும் தனித்துறையாக வளர்ந்திருக்கின்றன. அத்துறை முழுவதையும் ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிட முடியாது. இரண்டு விடயங்களை மாத்திரம் சொல்ல விரும்புகின்றேன். கண்ணுக்குத் தெரியாததை அறிவதற்குக் கணிதம் எவ்வாறு உதவியது என்பது முதலாவது. இல்லாததை உண்டென்று நாம் நம்பிவிடாதபடி அது எவ்வாறு காவல் செய்கின்றது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது விடயம், சமயப் பற்றுடைய எங்களைப் போன்றோருக்கு மிகவும் வேண்டியது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மனித மூளையில் ஏறக்குறைய 8600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. நெடுங்காலமாகப் பாடநூல்கள் 10,000 கோடி என்றே எழுதிவந்தன. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளரான சுசானா ஹெர்குலானோ-ஹவுசெல் என்னும் பெண்மணி, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தார். தக்க ஆதாரம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரும் அவருடைய கூட்டாளிகளும் மூளையைக் கரைசலாக்கி, அதிலே மிதக்கும் கலக்கருக்களை எண்ணும் முறையொன்றைக் கையாண்டு, 2009ஆம் ஆண்டில் புதிய தொகையை வெளியிட்டனர். எல்லோரும் சொல்லுகின்றார்கள் என்பதனால் ஓர் எண் உண்மையாகிவிடாது. யாரோ ஒருவர் இருந்து எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

இக்கலங்கள் ஒன்றோடொன்று பேசுவது மின் துடிப்புகளினாலே. ஒரு துடிப்பின் அளவு ஏறக்குறையப் பத்தில் ஒரு வோல்ற்று. அது நிலைப்பது ஆயிரத்தில் ஒரு செக்கன் அளவான நேரம். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து எட்கார் ஏட்ரியன் 1920களில் இத்துடிப்புகளைத் தனித்தனியே பதிவுசெய்து, அருமையான உண்மையொன்றைக் கண்டார். தோலிலே மெல்லத் தொட்டாலும் அழுத்தி அமர்த்தினாலும் நரம்பில் ஓடும் துடிப்பின் பருமன் மாறுவதில்லை. ஒரு செக்கனில் எத்தனை துடிப்புகள் என்பதுதான் மாறுகின்றது. கோயில் மணியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் எழும் நாதம் ஒன்றுதான். ஆனால் தீபாராதனை நேரத்தில் அடிகள் நெருங்கி வருகின்றன. தூரத்தில் நிற்பவரும் அந்த நெருக்கத்தைக் கொண்டே உள்ளே நடப்பதை அறிகின்றார். நரம்பின் மொழியும் இத்தகைய எண்ணிக்கை மொழியே என்று தெரிந்தபின், அதைப் படிக்கக் கணிதம் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஏட்ரியனுக்கு 1932ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

துடிப்பு எவ்வாறு உண்டாகின்றது என்பதே அடுத்த கேள்வி. 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இருவர் கணவாயின் நரம்பொன்றை எடுத்து ஆராய்ந்தனர். கணவாயின் உடலில் ஒரு மில்லிமீற்றர் வரை பருமனான நரம்பு நார் உண்டு. அதனுள்ளே மெல்லிய கம்பி செலுத்தி மின்னழுத்தத்தை நேரே அளக்கலாம். அப்போது ஹொட்ஜ்கினுக்கு வயது 25, ஹக்ஸ்லிக்கு 21. இங்கே இருக்கும் வாலிபர்கள் இதைக் கவனிக்கவேண்டும். முதல் அளவீடு கிடைத்த சில வாரங்களில் உலக யுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்த பின்னரே அவர்கள் மீண்டும் நரம்புக்குத் திரும்பினர்.

நரம்பின் மென்சவ்வு ஊடாகச் சோடியம் அயன்கள் உள்ளே பாய்வதும், பின்னர் பொற்றாசியம் அயன்கள் வெளியே பாய்வதும் துடிப்புக்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். ஒவ்வொரு பாய்ச்சலும் மின்னழுத்தத்தைப் பொறுத்து எவ்வளவு விரைவாகக் கூடிக் குறைகின்றது என்பதைத் துல்லியமாக அளந்து, நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளாக எழுதி, 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆனால் சமன்பாடு எழுதினால் மாத்திரம் போதுமா? அதைத் தீர்த்தால் மெய்யான துடிப்பு வருகின்றதா என்று பார்க்கவேண்டும் அல்லவா? கேம்பிறிட்ஜில் அக்காலத்தில் இருந்த ஒரே கணினி 1951ஆம் ஆண்டில் திருத்த வேலைக்காக ஏறக்குறைய ஆறு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி காத்திருக்கவில்லை. பிரன்ஸ்விகா என்னும் கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறியொன்றை எடுத்துவைத்துக்கொண்டு, படி படியாகக் கணித்தார். நரம்பு வழியே ஓடும் ஒரேயொரு துடிப்பைக் கணித்து முடிக்க ஏறக்குறைய மூன்று வாரம் சென்றது.

பலன் என்ன? துடிப்பு நரம்பிலே செக்கனுக்கு 18.8 மீற்றர் வேகத்தில் ஓடவேண்டும் என்று கணக்குச் சொன்னது. நரம்பில் நேரே அளந்த வேகம் 21.2 மீற்றர். மென்சவ்வின் ஒரு சிறு பகுதியில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, துடிப்பு ஓடும் வேகத்தைக் காகிதத்திலே இவ்வளவு நெருக்கமாகச் சொல்லக்கூடியதாக இருந்தது! இன்னுமொரு விசேடம் உண்டு. பொற்றாசியப் பாய்ச்சலைக் குறிக்கும் மாறியை அவர்கள் நான்காம் வலுவுக்கு உயர்த்தினர். வாயிலொன்று திறப்பதற்கு நான்கு துணுக்குகள் ஒருங்கே இடம்பெயர வேண்டும் என்பதுபோல அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆயினும், சமன்பாடு பொருந்துவதனாலேயே இந்த விளக்கம் மெய்யென்று ஆகாது என்று அவர்களே தம் கட்டுரையில் எச்சரித்தனர். 1998ஆம் ஆண்டில் ரொட்றிக் மக்கின்னன் என்பவர் பொற்றாசிய வாயிலொன்றின் உருவத்தைக் கண்டறிந்து வெளியிட்டபோது, அது ஒரே வகையான நான்கு பகுதிகளால் அமைந்திருந்தது. கணக்கிலே நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் எழுதிவைத்த நான்கு, கண்ணெதிரே வந்து நின்றது.

இனிப் புள்ளிவிபரவியலுக்கு வருவோம். பேர்னாட் கற்ஸ் என்பவர் ஜேர்மனியில் லைப்சிக் நகரில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி, 1935ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். நரம்பு தசையோடு சேருமிடத்தில், துடிப்பு வந்தவுடன் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் வெளியாகித் தசையை இயக்குகின்றது. அந்தப் பொருள் நீர்போலத் தொடர்ச்சியாக ஒழுகுகின்றதா, அல்லது பொட்டலம் பொட்டலமாக வருகின்றதா? நரம்பு சும்மா இருக்கும்போதும் தசையில் அரை மில்லிவோல்ற்று அளவான சின்னஞ்சிறு அசைவுகள் தாமாகத் தோன்றுவதைக் கற்ஸும் போல் ஃபற் என்பவரும் கண்டு, 1952ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். ஒவ்வோர் அசைவும் ஒரு பொட்டலமாக இருக்குமோ என்ற எண்ணம் எழுந்தது. 1954ஆம் ஆண்டில் கற்ஸும் ஹோசே டெல் கஸ்தில்லோவும் அதைச் சோதிக்கப் புவாசோன் பரம்பல் என்னும் கணக்கைக் கையாண்டனர்.

இக்கணக்கின் பழைய உதாரணமொன்று சொல்லுகிறேன். பிரஷ்ய நாட்டுப் படையில் குதிரை உதைத்து இறந்தோரின் தொகையை 1898ஆம் ஆண்டில் போர்ட்கியேவிச் என்பவர் ஆராய்ந்தார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 200 பதிவுகள். இறந்தோர் 122 பேர்; சராசரி 0.61. சராசரி மாத்திரம் தெரிந்தால், ஒருவரும் இறவாத பதிவுகள் எத்தனை இருக்கும் என்று புவாசோன் சொல்லிவிடுவார்: 109. பதிவேட்டைப் புரட்டினால் இருப்பதும் 109! அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் நிகழும் காரியங்களுக்கு இக்கணக்குப் பொருந்தும்.

பொட்டலங்களும் அவ்வாறே வெளியாகுமாயின், அதே கணக்கு நரம்புக்கும் பொருந்தவேண்டும். பொய்ட், மாட்டின் என்னும் இருவர் 1956ஆம் ஆண்டில் பூனையின் தசையில் இதைச் செய்து பார்த்தனர். மகனீசியம் சேர்த்து, வெளியாகும் பொட்டலங்களின் தொகையைக் குறைத்துக்கொண்டு, நரம்பை 198 முறை தூண்டினர். ஒரு பொட்டலத்தின் விளைவு 0.4 மில்லிவோல்ற்று. ஒவ்வொரு முறையும் கிடைத்த விளைவின் சராசரியை இதனால் வகுத்தால் 2.33. ஒரு தூண்டலுக்குச் சராசரியாக 2.33 பொட்டலங்கள் என்பது பொருள். அப்படியானால் ஒரு பொட்டலமும் வராமல் தவறும் முறைகள் 19 ஆக இருக்கவேண்டும் என்றது கணக்கு. தவறியவை 18. அக்காலத்திலேயே எலெத்திரன் நுணுக்குக்காட்டியின் மூலம் நரம்பின் முடிவிடத்தில் மில்லிமீற்றரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவான நுண்ணிய உருண்டைப் பைகள் தெரியவந்தன. பொட்டலம் என்று கணக்குச் சொன்னதற்கு உறை கிடைத்துவிட்டது.

இதனால் மனிதருக்கு என்ன பிரயோசனம் என்று பெரியோர் கேட்பது நியாயம். உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் கற்போர் காவிகளைக் கூட்டும் பாடத்தை அறிவர். பரீட்சையோடு மறந்துபோகும் பாடமென்று அதைக் கருதுவோரும் உண்டு. 1980களில் அப்பொஸ்தலோஸ் ஜோர்ஜோபூலோஸ் என்பவரும் கூட்டாளிகளும் குரங்கின் மூளையில் கையை இயக்கும் பகுதியை ஆராய்ந்தனர். அங்குள்ள ஒவ்வொரு கலமும் ஒரு திசையை விரும்புகின்றது. கை அத்திசையிற் செல்லும்போது துடிப்புகள் மிகவும் கூடும். திசை விலக விலகக் கோசைன் வளையியைப் போலக் குறையும். ஒரு கலத்தின் சொல்லை மாத்திரம் கேட்டால் கை எங்கே போகின்றது என்று தெரியாது. 224 கலங்களையும் காவிகளாக வைத்துக் கூட்டினால், விளையுள் காவி கை செல்லும் திசையைக் காட்டியது. இதுவே 1986ஆம் ஆண்டில் வெளிவந்த முடிபு.

அந்த எண்ணம் பிற்காலத்தில் செம்மைப்பட்டது. 1960ஆம் ஆண்டில் ருடோல்ஃப் கால்மன் வகுத்த மதிப்பீட்டு முறை, சந்திரனுக்குச் சென்ற விண்கலங்களை நெறிப்படுத்தப் பயன்பட்டது. அதே முறை மூளையின் துடிப்புகளைப் படிக்கவும் பயன்பட்டது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பக்கவாதத்தால் 15 ஆண்டுகளாகக் கைகால் அசைக்கவும் பேசவும் இயலாதிருந்த பெண்மணி ஒருவர், மூளையிற் பொருத்திய சிறு மின்வாய்த் தொகுதியின் துணையோடு, நினைவினாலேயே இயந்திரக் கையொன்றை அசைத்துக் கோப்பிப் போத்தலை எடுத்துத் தாமே பருகினார். காவிக் கூட்டல் யாருக்குப் பயன்பட்டது என்று இனி எந்த மாணவராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

சபையோரே, இதுவரை கணிதம் காட்டியவற்றைச் சொன்னேன். இனி அது தடுத்தவற்றைச் சொல்லவேண்டும்.

1024 பேர் கூடிய மண்டபத்தில் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுவதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒருவருக்குப் பத்து முறையும் தலையே விழும். உடனே அவரை மேடைக்கு அழைத்து, நாணயம் சுண்டுவதில் சித்தி பெற்றவர் என்று மாலை சூட்டலாமா? அவர் தனியே நின்று சுண்டியிருந்தால் வியக்கலாம். ஆயிரம் பேரிலிருந்து தேடி எடுத்தபடியால் வியப்பதற்கு இடமில்லை.

எம்.ஆர்.ஐ. பொறியினால் எடுக்கும் மூளைப் படங்களில் இதே ஆபத்து உண்டு. அப்படத்திலே நிறமூட்டித் தெரிவது எண்ணமன்று. இரத்தத்திலுள்ள ஒட்சிசன் சிறிதளவு கூடிக் குறைவதையே பொறி அளக்கின்றது. மூளையை ஓர் இலட்சம் சிறு கட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பார்கள். தற்செயலாகத் தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றென்று கடுமையாக வைத்தாலும், ஒன்றும் நிகழாத மூளையில் 100 இடங்கள் ஒளிரும். 2009ஆம் ஆண்டில் கிறெய்க் பெனற் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் இதை உலகத்துக்குக் காட்டினர். சல்மன் மீனொன்றைப் பொறியினுள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கின்றார்கள் என்று முறைப்படி கேட்டனர். மீன் ஏற்கனவே செத்த மீன். ஆயினும் திருத்தம் செய்யாத கணக்கின்படி அதன் மூளையில் 16 சிறு கட்டிகள் ஒளிர்ந்தன! பல சோதனைகளை ஒன்றாகச் செய்யும்போது வேண்டிய திருத்தத்தைச் செய்தவுடன் ஒன்றுமே ஒளிரவில்லை. 2012ஆம் ஆண்டில் இதற்கு நகைச்சுவைக்குரிய இக் நோபல் பரிசும் கிடைத்தது. நகைப்புக்குரியதாயினும், பின்னர் வந்த ஆய்வுகள் காரியம் பாரதூரமானதென்று காட்டின. 2016ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த அன்டேர்ஸ் எக்லுண்ட் முதலியோர், வழக்கத்திலிருந்த சில கணக்கு முறைகள் நூற்றுக்கு 5 தவறு என்று சொல்லிக்கொண்டு நூற்றுக்கு 70 வரையும் தவறக்கூடியன என்று நிறுவினர். நரம்பியல் ஆய்வுகள் பலவற்றில் ஆட்தொகை போதாமையால், உண்மையாகவே உள்ள விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 21 தான் என்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு கணித்தது. இக்குறைகளைக் கண்டு சொன்னவர்கள் அத்துறைக்குப் பகைவரல்லர், அதற்குள்ளேயே இருப்பவர்கள்.

இது எங்களுக்கு எங்கே வந்து தைக்கின்றது? தியானம் செய்தால் மூளை வளரும், விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கள் காதுக்கு அது இனிமையான செய்தி. அதன் ஆதாரத்தைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டில் தியானப் பழக்கமுடைய 20 பேரையும் அப்பழக்கமில்லாத 15 பேரையும் ஒப்பிட்டு, முன்னவருக்கு மூளையின் சில பகுதிகள் தடித்திருந்தன என்று எழுதினர். தியானத்தால் தடித்ததா, அல்லது அத்தகைய மூளையுடையோர் தியானத்தை நாடினரா என்று இதைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. 2011ஆம் ஆண்டில் எட்டு வாரம் பயின்ற 16 பேரில் மாற்றம் கண்டதாக மற்றோர் ஆய்வு வந்தது. ஈற்றில் 2022ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் முன்பு தியானம் பழகாத 218 பேரை எடுத்து, திருவுளச்சீட்டுப் போடுவதுபோலப் பிரித்து, ஒரு சாராருக்கு எட்டு வாரத் தியானமும், ஒரு சாராருக்கு வேறு நலப்பயிற்சியும் அளித்து, இன்னொரு சாராரைக் காத்திருக்கவைத்துச் சோதித்தனர். அக்காலத்தில் தியானத்தினால் மூளையின் அமைப்பில் மாற்றம் எதனையும் அவர்கள் காணவில்லை.

இதைக் கேட்டு ஒருவரும் மனம் வருந்தவேண்டியதில்லை. எட்டு வாரத்தில் மூளை தடிக்கும் என்று எங்கள் பெரியோர்கள் எவருக்கும் வாக்களிக்கவில்லை. அவர்கள் தியானத்தைச் சொன்னது வேறு பலனுக்காக. அந்தப் பலனை விட்டுவிட்டு, மூளைப் படத்தை வாங்கிச் சமயத்துக்குச் சான்றிதழாகத் தொங்கவிட்டால், நாளை அந்தப் படம் பிழையென்று ஆகும்போது சமயமும் பிழையென்று பிள்ளைகள் எண்ணுவார்கள். எங்களுக்குப் பிடிக்காத முடிபை நாங்கள் தாமாகவே சோதித்துப் பார்ப்போம். பிடித்த முடிபையே இரட்டிப்பாகச் சோதிக்கவேண்டும். புள்ளிவிபரவியல் கற்பிக்கும் ஒழுக்கம் இதுவே.

மூளையைக் கணக்கில் அடக்கினால் ஆன்மாவுக்கு இடமில்லாமற் போய்விடுமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. சைவசித்தாந்தம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கையும் அந்தக்கரணங்கள் என்று வகுத்து, அவை சடம், ஆன்மாவுக்குக் கருவிகள் என்றே கூறுகின்றது. கருவியை ஆராய்வதைக் கண்டு அதைக் கையாள்பவன் அஞ்சவேண்டியதில்லை. அதற்காக, நரம்பியல் சொல்லுவதையெல்லாம் எங்கள் சாத்திரம் முன்னரே சொல்லிவிட்டது என்று பெருமை கொள்வதும் தகாது. ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் தங்கள் சமன்பாட்டின் வெற்றிக்கே எல்லை குறித்தவர்கள். அந்த அடக்கம் எங்களுக்கும் வேண்டும். 302 நரம்புக்கலங்கள் மாத்திரம் உடைய சிறு புழுவொன்றின் நரம்பு இணைப்புகள் 1986ஆம் ஆண்டிலேயே படமாக வரையப்பட்டன. அந்தப் புழுவின் நடத்தை முழுவதும் இன்றுவரை விளங்கிவிடவில்லை. 8600 கோடியை விளங்கிவிட்டோம் என்று யார் சொன்னாலும் பொறுத்திருந்து கேளுங்கள்.

வாலிபச் சகோதரர்களே, சகோதரிகளே! உங்களில் எல்லோரும் நரம்பியல் கற்கப்போவதில்லை. ஆயினும் மூளையின் வண்ணப்படத்தைக் காட்டி மருந்தோ, பயிற்சி வகுப்போ, கொள்கையோ விற்பவர் எல்லோருடைய வாசலுக்கும் வருவர். அப்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரைச் சோதித்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை இடத்தில் தேடி இந்த ஒன்றைக் கண்டார்கள்? வேறொருவர் திரும்பச் செய்தபோதும் அது கிடைத்ததா? இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. துணிவும் பொறுமையும் போதும். மூன்று வாரம் கைப்பிடி சுழற்றிய ஹக்ஸ்லியிடமும், செத்த மீனிடம் முறைப்படி கேள்வி கேட்ட பெனற்றிடமும் இவை இரண்டும் இருந்தன.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு, கலைப்பிரிவு மாணவனுக்குப் புள்ளிவிபரவியல் எதற்கு என்று சொல்லாதிருங்கள். மெய்யையும் பொய்யையும் பிரிக்கும் கருவி வீட்டிலே ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும்.